ஒரு மலைவழிச் சாலை, மூன்று கச்சேரிகள்

திண்டிவனத்திலிருந்து மேற்கே கிளம்பும் சாலை செஞ்சி மலைகளுக்கு நடுவே நுழைகிறது. திருவண்ணாமலையைத் தொட்டு, செங்கம் தாண்டி, சிங்காரப்பேட்டைப் பக்கமுள்ள கணவாய் வழியாக ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போய்ச் சேர்கிறது. சுமார் 180 கி.மீ.; இன்றைக்குத் தேசிய நெடுஞ்சாலை 77. இந்த வழியாகப் போகிறவரை நிறுத்திக் காசு கேட்கும் உரிமை எந்தக் காலத்தில், யாருக்கு, எந்தச் சட்டத்தின் பேரில் இருந்தது? நான் தேடியது இதைத்தான்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர் முதலில் பழைய மாவட்ட எல்லைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. திண்டிவனமும் செஞ்சியும் தென்னார்க்காடு. கலெக்டர் கச்சேரி கடலூரில். திருவண்ணாமலை தாலுகாவும் 1911 வரை அதில்தான் இருந்தது, பிறகு வடார்க்காட்டுக்குப் போயிற்று. கணவாய்க்கு அப்பால் சேலம். ஆக, ஒரே சாலைக்கு மூன்று மாவட்டங்களின் தாள்கள். கார்ஸ்டின் 1878இல் எழுதிய தென்னார்க்காடு மேனுவலையும் பிரான்சிஸின் 1906 கெஸட்டியரையும் படித்துவிட்டு, சேலத்துக்கு ரிச்சர்ட்ஸின் 1918 கெஸட்டியரைத் திறந்தால்தான் சாலை முழுதாகக் கிடைக்கும்.

இந்த எல்லைக் குழப்பமே எனக்கு முதல் தடயமாக அமைந்தது. 1792இல் திப்பு சுல்தான் கணவாய்க்கு அப்பாலுள்ள பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கர்நாடக நவாபின் நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது 1801இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் கணவாயின் மேல் பக்கம் கம்பெனி, கீழ்ப் பக்கம் நவாப். பாரமகாலில் கர்னல் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் எழுதிக் குவித்தவை பின்னாளில் பாரமகால் ஆவணங்கள் என்று அச்சாயின. அவற்றில் வரிகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அதற்கு முன்னால் கணவாய் படைகளின் வழியாக இருந்தது: 1767இல் செங்கத்தில் சண்டை, 1780இல் ஹைதர் அலியின் பெரும்படை ஆர்க்காட்டுச் சமவெளிக்குள் இறங்கியதும் இதே வழியாகத்தான். சண்டைகளைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. பொதிமாடு ஓட்டிப் போனவன் என்ன கொடுத்தான் என்று கேட்டவர்கள் குறைவு.

பழமையைத் தேடினால் ஆற்றுப்படைகள் வரைக்கும் போகலாம். சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கிறது. மலைபடுகடாத்தின் நன்னன் செங்கத்துக்காரன். சுங்கம் வாங்கிய பெருவழியையும் அதற்குக் காவலாக நின்ற வில்வீரர்களையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்கினான். அவனுக்குப் பிந்தைய கல்வெட்டுகளிலும் சுங்கம் வந்துகொண்டேதான் இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

கம்பெனியும் தவிர்த்தது. சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சரக்குச் சுங்கம் 1844இல் ஒழிக்கப்பட்டது. ஏழே ஆண்டில், 1851இன் 8ஆம் எண் சட்டமாக இந்தியச் சுங்கச் சட்டம் வந்தது. இந்தத் தேடலில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்தச் சின்னச் சட்டத்தோடுதான். முன்பு சரக்குக்கு வரி; இப்போது சர்க்கார் செலவில் போட்ட, பழுதுபார்த்த சாலைக்கும் பாலத்துக்கும் கட்டணம். காசு கொடுக்காதவனின் வண்டியையோ மாட்டையோ, மாட்டின் மேலுள்ள பொதியில் ஒரு பங்கையோ சாவடிக்காரன் பிடித்து வைக்கலாம். இருபத்து நான்கு மணி நேரத்தில் தீர்க்காவிட்டால் ஏலம். ஏலம் தொடங்குவதற்குள் உடைமைக்காரன் செலவுத் தொகையோடு இரு மடங்கு சுங்கத்தையும் நீட்டினால் பிடித்ததை உடனே விட வேண்டும். படைக்கும், பணியிலுள்ள போலீசுக்கும், அவர்கள் காவலில் வரும் கைதிக்கும் கட்டணம் கிடையாது. அளவுக்கு மேல் பிடுங்கும் சாவடிக்காரனுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அபராதத்தில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவனுக்கே கொடுக்கலாம். கட்டணப் பட்டியலை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும், தண்டனை விவரத்தையும் சேர்த்து. சாவடிக்காரன் பிடுங்குவான் என்று சட்டம் எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது.

பிடுங்கியதற்குக் காரணம் குத்தகை. சாவடிகளை ஏலம் விட்டார்கள். எடுத்தவன் கட்டிய பணத்துக்கு மேல் வசூலாவதெல்லாம் அவன் லாபம். 1871இன் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பிறகு இந்த வருமானம் உள்ளூர் நிதிக்குப் போயிற்று. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் திண்டிவனம், விழுப்புரம் வழியாக ரயில் வந்தது. ரயிலுக்குச் சாவடி ஏது? ஆனால் செஞ்சிக்கு ரயில் வரவில்லை. திண்டிவனம்–திருவண்ணாமலை பாதை 2006–07இல் அனுமதி பெற்றும் இன்றுவரை ஓடவில்லை. எனவே மலைவழிக்காரருக்குச் சாலையே கதி.

சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் 1931இல் வந்தபோது உள்ளாட்சிச் சாவடிகள் மூடப்பட்டன. போன வருமானத்துக்கு ஈடாக மோட்டார் வரியிலிருந்து பங்கு கொடுத்தார்கள். சாவடி போனாலும் பெயர் போகவில்லை: திருச்சியில் நம்பர் ஒன் டோல்கேட் என்று ஊருக்கே பெயர் நிலைத்துவிட்டது. கோவையில் சுங்கம் என்றே ஓர் இடம் இருக்கிறது.

1851 சட்டம் அதோடு முடிந்தது என்று நினைத்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2002இல் வசூல் தொடங்கியது அதன் கீழ்தான். அந்தச் சாலை மரக்காணம் வழியாக விழுப்புரம் மாவட்டத்துக்குள் ஓடுகிறது. அதே மாவட்டத்தின் விக்கிரவாண்டிச் சாவடிக்கு ஆதாரம் வேறு: 1956இன் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம். ஒரே மாவட்டத்தில் விக்டோரியா காலச் சட்டம் ஒன்றும் சுதந்திர இந்தியாவின் சட்டம் ஒன்றும் அருகருகே காசு வாங்கியிருக்கின்றன.

மலைவழிக்கு 2025இல் முறை வந்தது. செஞ்சிக்கருகே நங்கிலிகொண்டான், செங்கம் பக்கம் கரியமங்கலம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாகம்பட்டி என்று மூன்று சாவடிகள், பழைய தாள்களைப் போலவே மாவட்டத்துக்கு ஒன்றாக. 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே தடத்தில் இரு சாவடிகளுக்கு நடுவே பொதுவாக 60 கி.மீ. வேண்டும், இருவழிச் சாலைக்கு நான்குவழிக் கட்டணத்தில் 60 சதவீதம். 2025இல் ஃபாஸ்டேக் இல்லாமல் ரொக்கம் நீட்டியவருக்கு இரு மடங்கு. 1851இல் இரு மடங்கு கொடுத்தவன் பிடிபட்ட மாட்டை மீட்டுக்கொண்டு போனான். 2025 நவம்பர் முதல் யுபிஐயில் செலுத்துகிறவருக்கு ஒன்றேகால் மடங்கோடு போகிறது.