மழையில் இறங்கும் விமானம்

பழனிக்குப் பக்கத்துக் கீரனூர்க்காரர் விமானம் ஏற வேண்டுமானால் கோவைக்கோ மதுரைக்கோதான் போயாக வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஐப்பசி அடைமழையில் ஒருவர் கிளம்பினால் வீட்டார் வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். விமானிகளின் கவலையோ பெரும்பாலும் தரையைப் பற்றியது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஓட்டிவந்த சின்னஞ்சிறு ‘புஸ் மாத்’ விமானம் பம்பாய் ஜூகுவில் இறங்கியது. அங்கிருந்து சென்னைவரை கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அன்றைய ஜூகு கடலோரச் சேற்றுநிலம். மழைக்காலம் வந்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். அப்போதெல்லாம் டாடாவின் விமானங்கள் புனேயில், எரவாடா சிறையை ஒட்டிய வெளிக்கு இடம் மாறின.

பிறகு கான்கிரீட்டும் தாரும் வந்தன, சேறு ஒழிந்தது. ஆனால் ஜெட் விமானங்களின் வேகம் புதிய ஆபத்தைக் கொண்டுவந்தது. வேகமாக உருளும் டயர் தனக்கு முன்னால் உள்ள நீரை ஒதுக்க முடியாமல் போனால், அந்த நீரின் மேலேயே ஏறி வழுக்கும். பிரேக் இருந்தும் பயனில்லை. 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹார்ன் குழு இதற்கு எளிய கணக்கொன்று கண்டது: டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்பதால் பெருக்கினால், வழுக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்றால் சுமார் 127 நாட், அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர். ஜெட் விமானங்கள் தரைதொடும் வேகமும் ஏறக்குறைய அதுதான்.

அதற்கு மருந்து, ஓடுதளத்தின் குறுக்கே வெட்டிய பள்ளக்கோடுகள். 1967இல் வாஷிங்டன் நேஷனல் விமான நிலைய ஓடுதளத்தில் வெட்டினார்கள். அமெரிக்க அளவுப்படி ஆழமும் அகலமும் 6 மில்லிமீட்டர், இடைவெளி 38 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நுனிகூடச் சரியாக நுழையாத கோடுதான், ஆனால் டயருக்கு அடியில் சிக்கும் நீருக்கு அதுவே வாய்க்கால். ஓடுதளத்தின் நடுப்பகுதியும் சற்று மேடாக இருக்கும். 45 மீட்டர் அகலத் தளத்தில் நடுக்கோடு விளிம்பைவிட ஓர் அடி அளவுக்கு உயரம். இவ்வளவு செய்தும், இறங்கும் டயர்கள் விட்டுச்செல்லும் ரப்பர் அந்தக் கோடுகளை அடைத்து வழவழப்பாக்கும். அதை அவ்வப்போது சுரண்டி எடுக்காவிட்டால் வெட்டிய கோடு வீண்.

2019 ஜூலையில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கோழிக்கோடு விமான நிலையத்துக்கு அனுப்பிய நோட்டீஸில் விரிசல், தேங்கிய நீர், மிகுதியான ரப்பர் படிவு எல்லாம் சுட்டிக்காட்டப்பட்டிருந்தன. மறு ஆண்டு, 2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கொட்டும் மழையில், பின்காற்று தள்ள, அங்கே இறங்கியது. 2,700 மீட்டர் ஓடுதளத்தில் ஏறத்தாழ பாதியைத் தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. குன்றின் உச்சியிலிருந்த தளத்தைக் கடந்து கீழே விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். விசாரணை அறிக்கை விமானி நடைமுறையை மீறியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. அது சரிதான்; ஆனாலும் ஈரத் தளம், பின்காற்று, மேட்டு விளிம்பு மூன்றும் கூடிய இடத்தில் ஒரு தவறுக்குக்கூட இடம் இருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

சென்னையின் கதை வேறு. அங்கே இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலமாகவே போகிறது. 2015 டிசம்பரில் ஆறு பெருகியபோது பள்ளக்கோடும் நடுமேடும் எதற்கும் உதவவில்லை. நிலையம் பல நாள் மூடிக்கிடக்க, பயணிகள் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பறந்தார்கள்.

2021 நவம்பரிலிருந்து ஓடுதளத்தின் நிலையை மதிப்பிட உலகெங்கும் ஒரே மாதிரியான முறை. ஊழியர் வண்டியில் போய் ஓடுதளத்தை மூன்று பகுதியாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண் தருவார். காய்ந்த தளத்துக்கு 6. வெறும் ஈரம் என்றால் 5. தேங்கிய நீர் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சட்டென்று 2. அந்த எண்ணைக் கேட்ட பிறகே விமானி இறங்குவதா, வேறு ஊருக்குத் திருப்புவதா என்று கணக்குப் போடுகிறார்.