குருதியிழப்பும் நரம்புகளும்: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

கடும் குருதிப்போக்கின்போது குருதியழுத்தம் உடனே வீழ்ந்துவிடுவதில்லை. இதயத் துடிப்பு விரைகிறது, தோல் வெளுத்துக் குளிர்கிறது, அழுத்தம் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கிறது. இதில் நரம்புகளின் பங்கு தெளிவாவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின.

ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், பெண் குதிரை ஒன்றின் தமனியில் குழாயைச் செருகியபோது குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்தது. குருதியைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்தார். இதை 1733இல் நூலாக வெளியிட்டார்.

1866இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எலி டி சியோனும் கார்ல் லுட்விக்கும் முயலின் நரம்பொன்றை வெட்டி, மூளைப் பக்க முனையைத் தூண்டினர். அழுத்தம் குறைந்தது, துடிப்பும் தளர்ந்தது. அழுத்தத்தைத் தணிக்கும்படி மூளைக்குச் செய்தி சொல்லும் நரம்பு அது. 1920களில் எச். ஈ. ஹெரிங், கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்திலும் அத்தகைய உணர்நரம்பு இருப்பதைக் காட்டினார். அழுத்தம் கூடினால் இந்நரம்பின் துடிப்புகள் பெருகும், குறைந்தால் அருகும் என்பதை 1932இல் பிராங்க், ஸ்டெல்லா ஆகியோர் மின்பதிவாகவே எடுத்தனர்.

ஆகவே குருதி குறையும்போது மூளைக்கு அபாயச் செய்தி எதுவும் புதிதாகப் போவதில்லை. வழக்கமாக வரும் செய்திதான் குறைகிறது. முகுளத்தின் மீதிருந்த தடை விலக, பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தித் தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்தமனிகளைச் சுருக்குகின்றன.

இது ஆய்வகத்துக்குள் முடிந்துவிட்ட விவாதமன்று. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், அதிர்ச்சி நிலைக்குக் காரணம் முகுளத்தின் களைப்பே என்று கருதினார். (குருதியேற்றத்தின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர் என்பது வியப்பு.) அது சரியெனில் குழாய்களைச் சுருக்கும் மருந்தே தீர்வு. ஆனால் முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களிடம் சுற்றோட்டக் குருதியின் அளவே குறைந்திருந்தது. நரம்புகள் சோர்ந்துபோகவில்லை, குழாய்களை ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருந்தன. தேவைப்பட்டது குருதி.

இந்தப் பிடிக்கும் எல்லை உண்டு. 1944இல் பார்கிராஃப்ட் குழுவினர் தன்னார்வலர்களிடம் குருதி எடுத்தபோது, மயங்கும் தறுவாயில் துடிப்பு திடீரெனக் குறைந்து, தசைக் குழாய்கள் விரிந்தன. அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த நரம்பு மண்டலமே பிடியைத் தளர்த்தியிருந்தது.