மூன்று மீற்றர் நடை

1658இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் யொகான் யாக்கோப் வெப்பர், பாரிசவாதத்தால் இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததைக் காட்டினார். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எழுந்து நிற்பவரின் தள்ளாட்டத்தைச் சோதிக்கும் முறை ஒன்று பெயர் பெற இன்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

அந்தப் பெயர் பேர்லின் மருத்துவர் மோரிற்ஸ் ரொம்பேர்க்குடையது. 1840களில் அவர் முள்ளந்தண்டு நோயாளிகளைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்களை மூடவைத்தார். கண் மூடியதும் அவர்கள் ஆடினார்கள். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றையும் சேர்த்தே மூளை உடம்பை நிமிர்த்தி வைக்கிறது. பாதத்தின் உணர்வு மங்கியவருக்குக் கண்தான் ஊன்றுகோல். திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்தில், ஈரமான கிணற்றடியில் சவர்க்காரம் பூசி ஒருவர் கண்ணை மூடும்போது அந்த ஊன்றுகோலும் போய்விடுகிறது. முகம் கழுவும் நேரத்தில் நோயாளிகள் தடுமாறுவதை அக்கால மருத்துவர்களும் கவனித்திருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பாரிசவாதம் என்றால் நீண்ட படுக்கைதான். அம்பாறைக் கரையில் பரியாரியின் எண்ணெயும் உருவலும் துணை நின்றன. 1940களில் லண்டனில் பேர்ட்டா போபாத் வேறு வழியில் போனார். நல்ல கையையும் காலையும் மட்டும் பழக்கிவிட்டு, வலுவிழந்த பக்கத்தைக் கைவிடுவதை அவர் ஏற்கவில்லை. அந்தப் பக்கத்திலேயே உடற்பாரத்தை ஊன்றப் பழக்கினார்.

சமநிலையை அளக்கும் அளவுகோல் கனடாவில் பிறந்தது. 1989இல் கத்தரீன் பேர்க்கும் கூட்டாளிகளும் 14 செயல்களைக் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கதிரையிலிருந்து எழுவது, திரும்பிப் பார்ப்பது, தரையில் கிடப்பதை எடுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது போன்றவற்றுக்கு மொத்தம் 56 புள்ளிகள். 1991இல் போட்சியாட்லோவும் றிச்சட்சனும் அதைவிட எளிய சோதனையைத் தந்தார்கள். கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை செக்கன் என்று பார்ப்பது. ஒரு கதிரையும் மணிக்கூடும் போதும். பெரும் ஆஸ்பத்திரிகள் இல்லாத ஊர்களுக்கு மருத்துவம் தந்த மிகப் பயனுள்ள கொடைகளில் இதுவும் ஒன்று.

லேசான பாரிசவாதக்காரருக்குத்தான் இப்படி நடக்கவைத்துப் பார்ப்பது மிகவும் தேவை. கை தூக்குகிறார், பேச்சு தெளிவாக இருக்கிறது. "ஒண்டுமில்ல" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல வேளைகளில் குறை தெரிவது இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யும்போதுதான். 1997இல் சுவீடனில் முதியோர் 58 பேரை நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். அவர்கள் எல்லோரும் பாரிசவாதக்காரர் அல்லர். ஆனாலும் பேசிக்கொண்டு நடக்க முடியாதவரைக் கவனிக்கவேண்டும் என்பதை அந்த ஆய்வு கற்றுத்தந்தது.

அவசரமும் ஆபத்துத்தான். ஐந்து நாடுகளில் 2,104 பாரிசவாத நோயாளிகளிடம் நடந்த அவேர்ட் ஆய்வு 2015இல் வெளியானது. நோய் வந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தவர்கள் மூன்று மாதத்தின் பின் மற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தார்கள். எனவே எப்போது, எவ்வளவு நடப்பது என்பதை இயன்மருத்துவரே சொல்லவேண்டும்.

விழுந்து இறப்போர் உலகில் ஆண்டுக்கு 684,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடற்கரை மணலில் கால் புதைவது, சாரத்தின் ஓரம் தடுக்குவது, தொழுகையில் சுஜூதிலிருந்து எழுவது, குந்தும் கழிப்பறை, இரவில் முற்றத்துக்கு இறங்குவது எல்லாம் இந்தக் கரையில் நாளாந்தம் நடப்பவை. கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ திருக்கோவில் வைத்தியசாலையோ, எங்கிருந்து உங்கள் வாப்பாவை, அம்மாவை அழைத்து வருவதானாலும், துண்டு வெட்டுமுன் ஒரு முறை கேளுங்கள்: "இவர நடக்கவெச்சுப் பாத்தீங்களா?"