ஒரு டிக்கெட்டும் இரண்டு கரையும்

எழுபது வயதைத் தாண்டின யாரிட்டயாவது "போட் மெயில்" எண்டு சொல்லிப் பாருங்கோ. முகம் மலரும், கதை வரும். சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் அதே டிக்கெட்டோட கொழும்பு கோட்டையில் வந்து இறங்கலாம் எண்டது கற்பனை இல்லை. ஒரு காலத்தில் அது சாதாரண நடைமுறை.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடி இறங்குதுறை வரைக்கும் வந்தது. அங்கிருந்து கர்சன், ஹார்டிங், எல்ஜின் போன்ற நீராவிக் கப்பல்களில் ஏறி, சுமார் 35 கிலோமீற்றர் கடலைக் கடந்தால் தலைமன்னார். இறங்கினால் கொழும்பு ரயில் காத்து நிற்கும். கப்பலைத் தனியாக ஓடவிடாமல் இரண்டு பக்க ரயிலோடும் பிணைத்ததுதான் அந்தச் சேவையின் வெற்றி.

ஆனால் இந்தக் கதையை ஏக்கத்தோட மட்டும் சொன்னால் பாதியை மறைத்தவர்களாவோம். அந்த வழியால் வியாபாரிகளும் மாணவர்களும் யாத்திரிகர்களும் மட்டும் வரவில்லை. மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களும் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய் இல்லை எண்டு உறுதியான பிறகு இதே கடலைக் கடந்துதான் வந்தார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எண்டு மனிதரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரின் விதி பிறகு பார்ப்போம் எண்டு விடப்பட்டது. இரண்டு மாதம் போகமுன்னம், டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. சேவை ராமேஸ்வரம்–தலைமன்னார் எண்டு மாறியது. அந்தப் பாதையில் ஓடின 'ராமானுஜம்' கப்பலில்தான் பல்லாயிரக்கணக்கான மலையக மக்கள், தாங்கள் பிறக்காத ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' எண்டு சொல்லுவினம். வடக்கில் இருந்து சினிமா பார்க்கவும் சேலை வாங்கவும் போனவைக்கு இனித்த அதே கப்பல்தான்.

1984இல் போர்ச் சூழலில் சேவை நின்றது. பிறகு 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் ஓடத் தொடங்கி, அதே ஆண்டிலேயே நின்றுபோனது. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை தொடங்கியது. சில நாளிலேயே மழைக்காலத்தைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம்.

திறப்பு விழாக்களுக்குக் குறைவில்லை. நிலைச்சு ஓடுறதுதான் இல்லை. என்ன செய்யலாம்? 1914இல் இருந்தே பாடம் எடுக்கலாம். நாகப்பட்டினத்திலும் ரயில் இருக்கு, காங்கேசன்துறையிலும் 2015இல் இருந்து திரும்பவும் ரயில் இருக்கு. இரண்டையும் கப்பல் நேரத்தோடு இணைத்து ஒரே டிக்கெட்டாக ஏன் தரக்கூடாது? தலைமன்னார்ப் பாதையும் 2015இல் திறந்தாச்சு. குறுகிய கடல் அங்கதான் இருக்கு. கொந்தளிப்பான மாதங்களைத் தாங்குற பெரிய கப்பல் வேணும். அதில் ஒரு லொறியாவது ஏற வேணும். இப்ப ஓடுறது பயணிகள் கப்பல் மட்டும்.

லொறி எண்டது வியாபாரிக்கு மட்டுமான விசயமில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது வருசத்துக்கு மேல வாழ்ந்த எங்கட ஆக்கள் திரும்பி வர நினைத்தால், தையல் மெசினையும் அலுமாரியையும் பிள்ளையின்ர சைக்கிளையும் விமானத்தில் ஏற்றேலாது. 2011இல் ஒரு சிறு தொகையினர் தூத்துக்குடிக் கப்பலில் வந்தார்கள். அது நின்றதோட அந்தக் கதவும் மூடிப்போச்சு.

ஒருகாலத்தில் மக்களைக் கேளாமல் ஏற்றி அனுப்பின கடல் இது. இனியாவது, வர விரும்புறவை தங்கட சாமானோட, தங்கட விருப்பத்தில வந்து இறங்குற கப்பல் ஒண்டு இதில ஓடட்டும்.