பூந்தமல்லி வட்டாரத்தில் கம்பெனி ஆட்சி: தோற்றமும் முடிவும்

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த ஏரிப்பாசனச் சிற்றூர்களும் அடங்கிய நிலப்பகுதி இங்குப் பூந்தமல்லி வட்டாரம் எனப்படுகிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகக் குழுவாக வந்து, நிலவரி தண்டும் அரசாக மாறிய வரலாற்றில் சென்னைக் கோட்டைக்கு நிகரான இடம் இவ்வட்டாரத்துக்கு உண்டு. ஆயினும் அவ்வரலாறு பெரும்பாலும் கோட்டை மதிலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது.

1639இல் கம்பெனி அலுவலர் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டும் உரிமையைப் பெற்றபோது, இக்கடற்கரை விசயநகர அரசின் கீழிருந்த தாமர்ல நாயக்கர்களின் ஆட்சியில் இருந்தது. மூத்தவரான வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியிலிருந்து ஆள, அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் தங்கிக் கரையோரத்தைக் கவனித்துவந்தார். ஆங்கிலேயரை இங்கு வரவழைப்பதில் ஐயப்பருக்குப் பெரும் பங்குண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரரும் சாந்தோமில் போர்த்துக்கீசியரும் வலுப்பெற்றிருந்த நிலையில், இடையில் மூன்றாவது வணிகரை அமர்த்துவது நாயக்கர்களுக்கு நன்மையாகத் தோன்றியிருக்க வேண்டும். புதிய ஊர் அவர்களுடைய தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினம் எனப்பட்டது. 1640களில் கோல்கொண்டாப் படைகள் இப்பகுதியைக் கைப்பற்றியபின் பூந்தமல்லி, கோல்கொண்டா சுல்தானின் அதிகாரிகள் அமரும் இடமாயிற்று. அவர்களுடைய நல்லெண்ணமின்றிக் கோட்டைக்குள் தானியமும் துணியும் வருவது அரிதாக இருந்தது.

இதே நூற்றாண்டில் வட அமெரிக்காவில் நடந்த குடியேற்றம் வேறு இயல்புடையது. 1607இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பழங்குடிகளை அகற்றி அந்நிலத்தில் தாமே உழுது வாழ்ந்தனர். இங்கோ உழுதவர் மாறவில்லை. விளைச்சலில் அரசுக்குரிய பங்கு யாருக்குச் சேர்வது என்பதே மாறியது. எனினும் இரு நிலங்களையும் ஒரே பேரரசின் மனிதர்கள் இணைத்தனர். 1687 முதல் 1692 வரை சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர். அவரையடுத்து ஆளுநரான நத்தானியேல் ஹிக்கின்சன், 1688இல் சென்னையின் முதல் மேயராகவும் இருந்தவர். அவர் கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் பயின்றவர். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் வரியை எதிர்த்துக் கடலில் கொட்டப்பட்ட தேயிலையும் இதே கம்பெனியின் சரக்குதான்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு, வழங்கியதில் பூந்தமல்லியும் அடங்கியது. கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவை, ஊர்தோறும் நிலம், நீர்நிலை, குடிகள், மானியங்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்தது. அக்கணக்குகள் ஒரு விளைநிலச் சமூகத்தின் அரிய சித்திரமாக இன்றும் பயன்படுகின்றன. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் அச்சமூகத்தைச் சிதைத்தன.

பாழடைந்த நிலத்திலிருந்து வரியைப் பெருக்கும் பொறுப்பு 1794இல் கலெக்டரான லயனல் பிளேஸிடம் வந்தது. ஏரிகளைச் செப்பனிடுவதில் ஊக்கம் காட்டிய அவர், மிராசுதாரர்களின் சலுகைகளை வெட்டுவதிலும் அதே ஊக்கத்தைக் காட்டினார். ஊர் நிலத்தில் வழிவழியாக வரும் பங்குரிமையான காணியாட்சியே அரபு வழிச் சொல்லால் மிராசு எனப்பட்டது. கேட்ட தீர்வையை ஏற்க மறுத்த பூந்தமல்லிப் பகுதி மிராசுதாரர்கள் வயலைத் தரிசாக விட்டு ஊரைவிட்டே வெளியேறினர். பிளேஸ் அவர்களுடைய மிராசைப் பிறருக்கு மாற்றிக்கொடுத்தார். போர்க்களமோ பீரங்கியோ இல்லாத இந்த எதிர்ப்பு, விடுதலை வரலாற்றில் இதுவரை பெற்றதைவிடப் பெரிய இடத்துக்கு உரியது. ஆனால் வெளியேறியவர்கள் நிலமுடையோர். அவர்களுடைய வயலில் படியாளாகக் கட்டுண்டு உழைத்த பறையர் மக்களின் விருப்பத்தைக் கம்பெனியும் கேட்கவில்லை, மிராசுதாரரும் கேட்கவில்லை. 1818இல் வெளியான, கம்பெனி அதிகாரி எஃப். டபிள்யூ. எல்லிஸின் மிராசு ஆய்வும் பெரிதும் நிலமுடையோரின் உரிமையையே ஆராய்ந்தது.

அம்மக்களின் நிலை அரசின் முன் விரிவாக வைக்கப்பட ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹியர், நிலமில்லாமையே அவர்களுடைய அடிமைநிலைக்கு வேர் என்று அறிக்கை அளித்தார். அதையொட்டி 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன.

அரசியல் விடுதலைக்கான குரல் நகரத்தில் எழுந்தது. 1852இல் கசுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னைச் சுதேசிகள் சங்கம் வரி தண்டுவதில் நிகழ்ந்த சித்திரவதைகளை இங்கிலாந்து நாடாளுமன்றம்வரை கொண்டுசென்றதால், 1855இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை ஆவடி வழியே அமைந்து, இவ்வூர்களை நகரத்தோடு பிணைத்தது. 1884இல் சென்னை மகாஜன சபை தோன்றியது; 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் முழு விடுதலையே குறிக்கோள் எனத் தீர்மானித்தது.

1947க்குப்பின் நிலம் மீண்டும் பேச்சின் நடுவுக்கு வந்தது. 1955 சனவரியில் ஆவடியில் உ. ந. தேபர் தலைமையில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சமதர்மப் பாங்கான சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. அடுத்த பத்தாண்டுகளில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்பேட்டையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. பழைய செங்கல்பட்டுச் சீமையில் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரும் இயக்கங்கள் இன்றும் தொடர்கின்றன.