பவளத்துக்கு ஒட்டுவேலை

சிறுமலை உச்சியில் ஏறினாலும் கடல் தெரியாது. ஆனால் திண்டுக்கல்லில் உப்புத்தண்ணித் தொட்டி வைக்க ஆசைப்படும் தம்பிகளுக்கு யூடியூப் கடலைக் காட்டிவிடுகிறது. விரல்நீளப் பவளத் துண்டு, சூப்பர் க்ளூ ஜெல் ஒரு சொட்டு, பாறையில் வைத்து ஒரு அழுத்து. பசை தற்காலிகப் பிடிமானம்தான். போகப்போக பவளமே பரவிப் பாறையைப் பிடித்துக்கொள்ளும்.

இதே வேலையை மன்னார் வளைகுடாவில் 2002லேயே ஆரம்பித்துவிட்டார்கள், வேறொரு தேவைக்காக.

அங்கே பல பத்தாண்டுகளாகப் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினார்கள். காளவாயில் வெந்து சுண்ணாம்பாச்சு. வெட்டிய கூலிக்காரர்களைத் திட்டுவது சுலபம். வெள்ளையடித்த சுவர் யாருடையது? அலையைத் தாங்கிய பாறை போனதும் தீவுகளின் மண் கரைந்தது. 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் முழுகியே போச்சு. 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் வெட்டு ஓயவில்லை. 2001இல்தான் கல்பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது. புலி இருக்கும் அதே அட்டவணை.

அப்புறம்தான் ஒட்டுவேலை. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மான்கொம்புப் பவளத்தின் துண்டுகளை சிமெண்ட் பலகையில் நைலான் கயிற்றால் கட்டிக் கடலடியில் வைத்தார்கள். 2016 கோடையில் தண்ணி சூடாகி, வளைகுடா முழுக்கப் பவளம் வெளுத்தது, நிறைய செத்தது. மறுபடி கட்டினார்கள்.

தம்பி தேடும் அந்த விரல்நீளத் துண்டு கல்பவளமாக இருந்தால், அதுவும் அதே அட்டவணைக்குள்தான்.