மறுநாளின் பொறுப்பு: பால் பிராண்டின் வேலூர்ப் பணியும் கிறிஸ்தவத் தொண்டின் அளவுகோலும்

நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டிய இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லூக்கா நிறுத்தவில்லை. மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வருகையில் தருவதாகச் சொல்லிப் புறப்படுகிறான் சமாரியன். கிறிஸ்தவத் தொண்டின் தரத்தை இந்த மறுநாள் ஏற்பாட்டை வைத்தே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு அறுவை மருத்துவர் பால் பிராண்டின் பணி வலுவான சான்று.

கொல்லிமலை மிஷனரித் தம்பதிக்கு 1914இல் பிறந்த பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் உள்மடங்கி இறுகிப்போன ஒருவரிடம் தம் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வலிக்கும் அளவுக்குப் பிடி இறுகியது. அப்படியானால் முன்கைத் தசைகள் பழுதாகவில்லை. முழங்கை, மணிக்கட்டு அருகே நரம்புகள் பாதிக்கப்பட்டு உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. நல்ல தசையொன்றின் நாணைக் கீற்றுகளாகப் பிரித்து விரல்களோடு இணைக்கும் அறுவை 1948இல் தொடங்கியது. தொழுநோயாளியைத் தொட்டதற்காகவே மிஷனரிகளைக் கொண்டாடும் நூல்கள் ஏராளம். தொட்ட கையில் அவர்கள் எதைக் கண்டுகொண்டார்கள் என்று கேட்பவை குறைவு.

தசை இயங்கினாலும் உணர்ச்சி திரும்புவதில்லை. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்புவரை அறுபட்டு ரத்தம் சொட்டியது. அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் நோயால் அழுகி விழுவதாக அதுவரை மருத்துவரும் நம்பியிருந்தனர். வலி தெரியாததால் நேரும் காயங்களும் சூடுகளும் புண்களுமே அவற்றைத் தின்றன என்பது இத்தகைய கவனிப்புகளால் தெளிவானது. தூங்கும்போது எலி கடித்த விரல்களும் இருந்தன. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். வைத்தியசாலை மருந்துப் பட்டியலில் பூனை ஏறியதை நகைச்சுவையாகக் கடந்துவிடக் கூடாது. நோயாளியின் இரவுவரை பொறுப்பு நீண்டதற்கு அது அடையாளம்.

சங்கடமான கேள்வி அதன்பிறகே எழுந்தது. கை நிமிர்ந்தவர்கள் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை என்றார்கள். தொழுநோய் இருந்தவர் என்று தெரிந்தால் வேலை தருவாரும் இல்லை. வெற்றிகரமான சிகிச்சையே ஒருவரின் பிழைப்பைப் பறித்திருந்தது. அறுவையோடு கடமை முடிந்தது என்று சொல்ல இடமிருந்தும் பிராண்டின் குழு அப்படிச் சொல்லவில்லை. கல்லூரி வளாகத்தில் எழுந்த நவ ஜீவ நிலையத்தில் நோயாளிகள் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றார்கள். உணர்வற்ற கையால் கருவியைக் காயமின்றிப் பிடிக்கும் முறையையும் சேர்த்தே கற்றார்கள்.

இதெல்லாம் நல்ல மருத்துவம், இதில் கிறிஸ்தவம் எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, நம்பிக்கையற்ற மருத்துவரும் இதைச் செய்திருக்க முடியும். ஆனால் பக்தியை ஒருபுறமும் ஏற்பாட்டை மறுபுறமும் வைத்துப் பார்ப்பது ஆதித் திருச்சபைக்கே அந்நியமானது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளின் அன்றாட உணவுப் பங்கீட்டில் குறை எழுகிறது. பந்தியைக் கவனிக்கும் அந்த வேலைக்கு, ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தேடுகிறார்கள். பங்கீட்டுக்கு யாராவது போதும் என்று அப்போஸ்தலர் நினைக்கவில்லை.

எனினும் பிராண்டை மட்டும் வைத்து இவ்வாதத்தை முடிப்பது பிழையாகும். தசைநாண் அறுவை எவ்வளவு நுட்பமானாலும், ஊனம் வந்தபின் செய்வது. 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்தின் களப்பணியாளர்கள் குடியாத்தம் வட்டாரக் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று, தோலில் தேமலைத் தேடி, ஆரம்ப நிலையிலேயே டாப்சோன் மாத்திரை கொடுத்தார்கள். புகைப்படத்துக்கு ஏற்ற காட்சி அதில் எதுவும் கிடையாது. மறுநாளைக் கவலையோடு யோசித்த ஒரு மரபு, காயத்துக்கு முந்தைய நாளுக்கு நகர்ந்தது அங்கேதான்.